ஓய்வில்லாத சுமை: காயின் மெஷினைக் குறை சொல்லுமுன் கரண்ட் வயரைப் பாருங்கள்



அண்மைக் காலமாக என்னிடம் வயரிங் சாமான் வாங்க வருபவர்களில் சிலர் ஒரு புதுவகை மெஷினைப் பற்றிக் கேட்கிறார்கள். பிட்காயின் போன்ற டிஜிட்டல் நாணயங்களுக்காகக் கணக்குப் போட்டுக்கொண்டேயிருக்கும் மெஷின் அது. வெளிநாட்டில் பாவித்துக் கழித்தவை மலிவாகக் கிடைக்கின்றன. வாங்கியவர்களின் முறைப்பாடு அநேகமாக ஒன்றுதான்: "காக்கா, மெஷின் நிண்டு நிண்டு ஓடுது. பழசைத் தந்து ஏமாத்திட்டானுகள் போல."

இந்த நாணயம் ஆகுமா, ஆகாதா என்பதை உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான் பேசப்போவது வயரைப் பற்றி மட்டும்தான். ஏனெனில் இப்படி வரும் முறைப்பாடுகளில் பலவற்றில் மெஷின் நன்றாகவே இருக்கிறது. பழுது இருப்பது பிளக்கிலும், வயரிலும், இணைப்பிலும்தான்.

ஏன் இந்த மெஷின் வேறு?

எமது கடைகளில் கேத்தல் இருக்கிறது, அயன் இருக்கிறது. கேத்தல் 2,000 வொட் இழுக்கும். ஆனால் ஐந்து நிமிடத்தில் அணைந்துவிடும். சூடேறிய பிளக் மறுபடி ஆறிவிடும். காயின் மெஷின் அப்படியல்ல. இரவு பகலாக, வெள்ளி ஞாயிறு பாராமல், ஒரே அளவில் இழுத்துக்கொண்டேயிருக்கும். கடை வயரிங்கில் இதுபோன்ற ஓய்வில்லாத சுமையை நாம் முன்பு அதிகம் ஏற்றியதில்லை. கேத்தலை இருபது வருடம் தாங்கிய பிளக் பேஸ், இந்த மெஷினில் இருபது நாளில் உருகுவதற்குக் காரணம் இதுதான்.

கணக்கைப் பாருங்கள். 2016இல் வெளிவந்த அன்ட்மைனர் எஸ்9 என்ற பழைய மெஷின் சுமார் 1,350 வொட் எடுக்கும். 230 வோல்ட்டில் அது ஏறத்தாழ 6 அம்பியர். அதன்பின் வந்த எஸ்19 வகை 3,250 வொட் எடுக்கும். அது 14 அம்பியருக்கு மேல். எமது சதுர முனைப் பிளக்கின் எல்லை 13 அம்பியர். ஆகவே எஸ்19ஐ ஒரு பிளக்கில் மாட்டக்கூடாது. அதன் பவர் சப்ளைக்கு இரண்டு வயர் கொடுத்திருப்பதே அதற்காகத்தான். இரண்டையும் ஒரே மல்டி பிளக்கில் சொருகினால் அந்தப் பாதுகாப்பு வீணாகிவிடும்.

இன்னொரு விடயம். ஒரு தளர்ந்த இணைப்பில் 0.1 ஓம் தடை இருக்கிறதென்று வைப்போம். 6 அம்பியர் ஓடும்போது அந்த இடத்தில் 3.6 வொட் சூடு பிறக்கும். 14 அம்பியர் ஓடினால் ஏறத்தாழ 20 வொட். கரண்ட் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. ரேடியோ திருத்தும் சின்ன சோல்டரிங் அயன் 25 வொட்தான். அப்படியொன்றை பிளக் பேஸுக்குள் வைத்து இரவு முழுக்க எரியவிட்டால் என்ன ஆகும் என்று நீங்களே யோசியுங்கள். சுவரோடு சுவர் ஒட்டிய எமது பசார் கடைகளில் தீ ஒரு கடையோடு நிற்பதில்லை.

வோல்ட்டேஜ் இறங்கினால் கரண்ட் ஏறும்

பழைய குண்டு பல்ப் வோல்ட்டேஜ் குறைந்தால் மங்கலாக எரியும், கரண்டும் குறையும். இந்த மெஷினின் பவர் சப்ளை மறுபக்கம். அதற்கு 1,350 வொட் வேண்டுமென்றால் வேண்டும். 230 வோல்ட் வந்தால் 5.9 அம்பியர் எடுக்கும். 200 ஆகக் குறைந்தால் 6.75 அம்பியர் எடுக்கும். கரண்ட் ஏற வயர் சூடாகும், வயரில் இன்னும் கொஞ்சம் வோல்ட்டேஜ் தொலையும்.

எமது நாட்டின் நியம வோல்ட்டேஜ் 230. கூடக் குறைய 6 வீதம் அனுமதி. அதாவது சுமார் 216 முதல் 244 வரை. மாலையில் எல்லா வீடுகளிலும் விளக்கும் ஃபேனும் ஓடும்போது லைனின் கடைசியில் உள்ளவர்களுக்கு இது இன்னும் கீழே போவதுண்டு.

ஒரு தம்பியின் மெஷின் ஒவ்வொரு நாளும் மஃரிபுக்குப் பிறகு நின்றது. அவர் விற்றவரோடு சண்டைக்குத் தயாராக இருந்தார். மல்டிமீற்றரை எடுத்துப் போய், மெஷின் ஓடும்போதே இரண்டு இடத்தில் அளந்தோம். மெயின் போர்டில் 214 வோல்ட். மெஷின் இருந்த பின்னறைப் பிளக்கில் 203. கட்டடத்துக்குள்ளேயே 11 வோல்ட் தொலைந்திருந்தது. காரணம், விளக்குக்குப் போடும் 1/1.13 வயரை நீட்டி அந்தப் பிளக்கைக் கொடுத்திருந்தார்கள். நடுவில் முறுக்கி டேப் சுற்றிய ஒரு இணைப்பு கறுத்துப் போயிருந்தது. மெயின் போர்டிலிருந்து தனியாக 7/0.67 வயர் இழுத்த பிறகு அதே மெஷின் இரவிலும் ஓடியது.

இதில் படிப்பினை என்னவென்றால், வோல்ட்டேஜைச் சும்மா அளந்தால் ஒன்றும் தெரியாது. சுமை ஓடும்போது அளக்க வேண்டும். மெயின் போர்டிலும் பிளக்கிலும் அளந்து வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும். மெயின் போர்டிலேயே குறைவென்றால் மின்சார அலுவலகத்தில் முறையிடுங்கள். வித்தியாசம் 5, 6 வோல்ட்டுக்கு மேலென்றால் உங்கள் வயரிங்கைப் பாருங்கள்.

வயர் விடயத்தில் கஞ்சத்தனம் கூடாது. 30 மீற்றர் தூரத்துக்கு 14 அம்பியர் கொண்டுபோனால் 1/1.13 வயரில் 15 வோல்ட் அளவு தொலையும், 200 வொட்டுக்கு மேல் சுவருக்குள் சூடாகும். 7/0.67இல் 6 வோல்ட். 7/0.85இல் 4 வோல்ட். சின்ன மெஷின் ஒன்றுக்கு 7/0.67, பெரியதற்கு 7/0.85. மெஷின் ஒவ்வொன்றுக்கும் தனி லைன், தனி பிரேக்கர். சுருட்டி வைத்த எக்ஸ்டென்ஷன் வயர் அறவே வேண்டாம். சுருளுக்குள் சூடு வெளியேற வழியில்லை.

பழுது பார்க்கும் ஒழுங்கு

முதலில் ஒரு எச்சரிக்கை. பவர் சப்ளைப் பெட்டியை நீங்கள் திறக்காதீர்கள். உள்ளே உள்ள கப்பாசிட்டரில் 400 வோல்ட் அளவு தேங்கி நிற்கும். பிளக்கைக் கழற்றிய பிறகும் சிறிது நேரம் இருக்கும். வெளியே பார்க்க வேண்டியவை போதுமான அளவு இருக்கின்றன. வீட்டு வயரிங்கில் கை வைப்பது தகுதியுள்ள வயர்மேனின் வேலை.

1. மெஷின் உயிரே இல்லை. அதே பிளக்கில் வேறொரு சாமானைப் போட்டுப் பாருங்கள். பிளக் தலைக்குள் இருக்கும் 13 அம்பியர் உருகியைப் பாருங்கள். பவர் வயரை மாற்றிப் பாருங்கள். இவ்வளவும் சரியென்றால் மட்டுமே பவர் சப்ளையைச் சந்தேகியுங்கள்.

2. ஓடி, சில நிமிடத்தில் நின்று, மறுபடி எழும்புகிறது. மேலே சொன்னபடி சுமையில் வோல்ட்டேஜை அளவுங்கள். எஸ்9க்கு வரும் ஏபிடபிள்யூ3 வகை பவர் சப்ளை 200 வோல்ட்டுக்கு மேல் கிடைத்தால்தான் 1,600 வொட் தரும். 100 முதல் 120 வோல்ட் லைனில் 1,200 வொட்தான். 200ஐ அண்மித்துவிட்டால் அதற்கு மூச்சுத் திணறும். வோல்ட்டேஜ் சரியாக இருந்தும் நின்றால் காற்றோட்டத்தையும் தூசியையும் பாருங்கள்.

3. மூன்று போர்டில் இரண்டுதான் வேலை செய்கிறது. எஸ்9இல் ஒவ்வொரு போர்டுக்கும் மூன்று இணைப்பு, கட்டுப்பாட்டுப் போர்டுக்கு ஒன்று, ஆக மொத்தம் பத்து. இங்கே ஓடுவது 12 வோல்ட். வோல்ட்டேஜ் குறைவென்பதால் கரண்ட் மிக அதிகம். ஒரு போர்டுக்கு ஏறத்தாழ 35 அம்பியர். மூன்று இணைப்பும் இறுக்கமாக இருந்தால் ஒன்றுக்கு 12 அம்பியர் அளவில் பங்குபோகும். ஒன்று தளர்ந்தால் மற்ற இரண்டும் 17 அம்பியரைச் சுமக்கும். பிறகு அவையும் கருகும். மெஷினை அணைத்து, பிளக்கைக் கழற்றி, சற்றுப் பொறுத்து, ஒவ்வொரு இணைப்பையும் கழற்றிப் பாருங்கள். பிளாஸ்டிக் மஞ்சளாகவோ கறுப்பாகவோ மாறியிருந்தால் அதை மறுபடி பாவிக்கக் கூடாது. பிறகு வேலை செய்யாத போர்டின் இணைப்புகளை வேலை செய்யும் போர்டுக்கு மாற்றிப் போடுங்கள். பழுது வயரோடு நகர்ந்தால் பிழை பவர் சப்ளைப் பக்கம். போர்டோடு நின்றால் பிழை போர்டில். இந்த ஒரு சோதனை வீண் செலவு பலவற்றைத் தடுக்கும்.

ஓடிக்கொண்டிருக்கும்போது இணைப்பைக் கழற்றவோ சொருகவோ கூடாது. ஒரு போர்டின் மூன்று இணைப்புகளையும் இரண்டு வெவ்வேறு பவர் சப்ளைகளிலிருந்து கொடுக்கவும் கூடாது.

4. பிளக் சூடாகிறது, வாடை வருகிறது. உடனே மெயினை அணையுங்கள். பிளக்கை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய பேஸிலேயே சொருகாதீர்கள். கருகிய பேஸ் புதிய பிளக்கையும் கருக்கும். இரண்டையும் மாற்றி, வயரைச் செம்பு பளபளக்கும் இடம்வரை வெட்டிவிட்டு இறுக்க வேண்டும். எமது ஊர்களில் கடற்காற்றின் உப்பு பித்தளை முனைகளில் பச்சைப் பாசம் பிடிக்கச் செய்யும். அதுவும் தடைதான். கடற்கரைப் பக்கம் உள்ளவர்கள் மாரிக்கு முன்னும் பின்னும் ஸ்குரூக்களை இறுக்கிப் பார்ப்பது நல்லது. மெஷினின் ஃபேன் கடற்காற்றை நேராக இழுக்கும்படி ஜன்னலோரம் வைக்காதீர்கள். உப்பும் ஈரமும் போர்டில் படியும்.

5. பழுதே இல்லாமல் ட்ரிப் சுவிட்ச் விழுகிறது. இப்படியான பவர் சப்ளை ஒவ்வொன்றும் எர்த் வழியாகச் சிறிதளவு கரண்டைக் கசியவிடும். ஒன்று இரண்டென்றால் தெரியாது. பல மெஷின்களை ஒரே ட்ரிப் சுவிட்சின் கீழ் போட்டால் கசிவெல்லாம் சேர்ந்து, 30 மில்லி அம்பியர் சுவிட்சை விழுத்திவிடும். சிலர் உடனே ட்ரிப் சுவிட்சையே கழற்றிவிடுகிறார்கள், அல்லது எர்த் வயரை வெட்டிவிடுகிறார்கள். இது உயிரோடு விளையாடுவது. மெஷின்களைப் பிரித்துத் தனித்தனி ட்ரிப் சுவிட்ச் போடுவதே வழி.

6. கரண்ட் போய் வந்த பிறகு எழும்பவில்லை. 2022 மார்ச்சில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டிய காலம் எமக்கு மறக்காது. கரண்ட் திரும்பி வரும் முதல் நிமிடங்களில் வோல்ட்டேஜ் நிலையாக இருப்பதில்லை. கரண்ட் போனால் மெஷின் லைனை அணைத்து வையுங்கள். வந்து ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள்.

வயர் சரி, வியாபாரம் சரியா?

வயரையெல்லாம் சரிசெய்த பிறகும் ஒரு கணக்கு மீதமிருக்கிறது. 1,350 வொட் மெஷின் ஒரு மாதத்துக்கு 972 யூனிட் எரிக்கும். யூனிட் 40 ரூபா என்று வைத்தால் 38,880 ரூபா. உங்கள் பில்லில் உள்ள கடைசிப் படி விலையைப் போட்டு நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

வரவு என்ன? 2024 ஏப்ரலுக்குப் பிறகு உலகம் முழுவதற்கும் நாளொன்றுக்குப் புதிதாக வருவது சுமார் 450 பிட்காயின். அதை எல்லா மெஷின்களும் தம் வேகத்துக்கேற்பப் பங்கிடுகின்றன. 2025இல் உலக மொத்த வேகம் ஏறத்தாழ 100 கோடி டெரா ஹாஷைத் தொட்டது. எஸ்9இன் வேகம் 14. அந்த அளவோடு பார்த்தால், ஒரு பிட்காயின் ஒரு இலட்சம் டொலர், ஒரு டொலர் 300 ரூபா என்று வைத்தாலும் மாத வரவு 6,000 ரூபாவை எட்டாது. 200 டெரா ஹாஷ் வேகமும் 3,500 வொட்டும் உள்ள புதிய வகை மெஷினுக்கு அதே கணக்கில் வரவு 81,000 ரூபா, கரண்ட் ஒரு இலட்சத்துக்கு மேல். மெஷினின் விலையை நான் இன்னும் சேர்க்கவில்லை.

இந்த இடத்தில்தான் சிலருக்கு மீற்றரைத் தொடும் யோசனை வருகிறது. அது களவு. 2021 ஜூலையில் மலேசியாவின் மிரி நகரில், திருட்டுக் கரண்டில் ஓடிய வழக்குகளில் பிடிபட்ட 1,069 மெஷின்களைப் பொலிசார் ரோட் ரோலரால் நசுக்கினார்கள். கரண்டைத் திருடினால்தான் இலாபம் என்றால் அது வியாபாரமே அல்ல. அத்தோடு எமது மத்திய வங்கி 2021இலும் 2022இலும் விடுத்த அறிவித்தல்களில், இவ்வகை நாணயங்களை உண்டாக்கும் தொழிலுக்குத் தான் யாருக்கும் அனுமதி கொடுக்கவில்லை என்று சொன்னது. பங்குக்கு வரச் சொல்லி யாராவது கேட்டால் இதை நினைவில் வையுங்கள்.

மெஷின் வாங்காதவர்களுக்கும் இந்தப் பாடத்தில் வேலை இருக்கிறது. மீன் கடையின் ஃப்ரீசர், குஞ்சு பொரிக்கும் இன்கியுபேட்டர், கமரா, கணினி எல்லாமே இரவிலும் ஓடுபவைதான். 2004 சுனாமிக்குப் பின் கட்டிய கட்டடங்களின் வயரிங்குக்கு இப்போது ஏறத்தாழ இருபது வயது. இந்த வாரம் கடை மூடுமுன் சுமையை அணைத்து, மெயினையும் அணைத்து, பிளக்குகளைக் கழற்றி, முனை கறுத்திருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள். கறுப்பைக் கண்டால் மெஷின் வாங்க ஒதுக்கிய பணத்தில் முதலில் வயர்மேனைக் கூப்பிடுங்கள்.