வாடகை வீடும் இன்ஷூரன்ஸும்

வியாபாரச் சகோதரர்களே,

கடைக்கு இன்ஷூரன்ஸ் எடுக்கும் நம்மில் பலர், குடியிருக்கும் வாடகை வீட்டைப் பற்றி யோசிப்பதில்லை. யோசித்தவர்களும் பாலிசியைப் படிப்பதில்லை. அவ்விதம் படியாமல் நஷ்டப்பட்டவர்களில் நாமும் ஒருவர்.

கடையில் இடமின்றி, பெருநாளுக்கு வந்த கைலிக் கட்டுகளைக் கேலாங்கிலுள்ள நம் வாடகை வீட்டில் அடுக்கி வைத்திருந்தோம். ஓர் இரவு மேல்மாடியில் தண்ணீர்க் குழாய் உடைந்தது. பஜ்ருக்கு எழுந்து பார்த்தால், கட்டுகளெல்லாம் நனைந்து சாயம் கலந்து கிடந்தன. மெத்தைக்கும் அலமாரிக்கும் பணம் கிடைத்தது. கைலிகளுக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை. வியாபாரச் சரக்கு சேராது என்று பாலிசியிலேயே அச்சிட்டிருந்தது. குற்றம் நம்முடையதே.

தீயும் நமக்குத் தூரத்து விஷயமன்று. 1958-ல் கேலாங் லோரோங் 3-ஐ அடுத்த கம்போங் கூ சாய் எரிந்தது. 1961 மே 25, ஹஜ்ஜுப் பெருநாளன்று புக்கிட் ஹோ சுவீயில் பற்றிய தீ, ஏறக்குறைய 16,000 பேரை வீடற்றவர்களாக்கிற்று. அத்தாப்பு வீடுகள் மறைந்தாலும் அடுப்பும், மின்சார சைக்கிள் பாட்டரியும் நம் வீட்டில்தானே இருக்கின்றன!

இனி அறிய வேண்டியவை மூன்று.

முதலாவது, கட்டிடம். இது வீட்டுக்காரர் பொறுப்பு. வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளுக்குரிய தீ இன்ஷூரன்ஸும் கட்டிடத்தையும், கழகம் முதலில் பொருத்திக் கொடுத்தவற்றையும் மட்டுமே காக்கும். உள்ளேயிருக்கும் நம் சாமான்களைக் காக்காது.

இரண்டாவது, நம் சாமான்கள். இதற்கு வாடகைதாரரே பாலிசி எடுக்க வேண்டும்.

மூன்றாவது, நம்மால் பிறருக்கு நேரும் நஷ்டம். நம் கவனக்குறைவால் தீப்பிடித்தால், வீட்டுக்காரருக்குப் பணம் கொடுத்த கம்பெனி அதை நம்மிடம் கேட்டு வரலாம். இப்பொறுப்பும் பாலிசியில் சேர்ந்துள்ளதா என்று பாருங்கள்.

தொகையைக் குறைத்துச் சொல்வதும் லாபமன்று. 20,000 வெள்ளிச் சாமானை 10,000 என்று எழுதி, 6,000 வெள்ளிக்கு நஷ்டம் வந்தால், விகிதப்படி கொடுக்கும் பாலிசியில் 3,000 தான் கிடைக்கும்.

கையெழுத்திடுமுன் கேளுங்கள்: புதுப்பொருளின் விலை கிடைக்குமா, தேய்மானம் கழிப்பார்களா? முதலில் நம் கையிலிருந்து போக வேண்டிய தொகை எவ்வளவு? நகைக்கும் ரொக்கத்துக்கும் வரம்பு என்ன? ஊருக்குப் போய் வீடு எத்தனை நாள் பூட்டிக் கிடக்கலாம்? சரக்கு வைத்திருந்தால் ஒளிக்காமல் சொல்லி, அதற்குத் தனிப் பாலிசி கேளுங்கள்.

மார்க்க ரீதியான ஐயமும் சிலருக்கு உண்டு. 1985-ல் ஜித்தாவில் கூடிய சர்வதேச பிக்ஹு அகாடமி, வர்த்தக இன்ஷூரன்ஸை மறுத்து, ஒருவருக்கொருவர் உதவும் கூட்டுறவு முறையை ஏற்றது. மலேசியாவில் 1984-லேயே தக்காபுல் சட்டம் பிறந்தது. நமக்குக் கிடைக்கும் பாலிசியை உலமாக்களிடம் காட்டித் தெளிவு பெறுவதே முறை.

இன்றிரவே கடை அடைத்தபின், வீட்டுச் சாமான்களை ஒரு நோட்டில் எழுதுங்கள். ரசீதுகளைப் படமெடுத்து வேறிடத்தில் வையுங்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவன் மேல் பாரம் போடுவோமாக!