கல்வட்டத்துக்குள் என்ன இருக்கிறது?



சமூக அறிவியலில் பெருங்கற்காலம் படித்திருப்பீர்கள். கல்திட்டை, கற்பதுக்கை, கல்வட்டம், நெடுங்கல், முதுமக்கள் தாழி என்று வரிசையாக மனப்பாடம் செய்து ஒப்பித்திருப்போம். ஆனா அந்தக் கல்லை எல்லாம் எப்படி நிறுத்தினாங்க? ஏன் சதுரமா வைக்காம வட்டமா வச்சாங்க? இதை யாரும் கேட்பதில்லை. இந்த மாதச் சுவர் இதழுக்கு நான் அதைத்தான் எழுதியிருக்கிறேன்.

முதலில் பெயர்கள்

1. கல்திட்டை: தரைக்கு மேலே பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு கல்லால் மூடிய அறை.
2. கற்பதுக்கை: அதே மாதிரி அறை, ஆனால் மண்ணுக்குள்ளே.
3. கற்குவை: மேலே குவித்த சிறு கற்களின் மேடு.
4. கல்வட்டம்: அந்த மேட்டைச் சுற்றி வட்டமாக வைத்த பெரிய உருண்டைக் கற்கள்.
5. முதுமக்கள் தாழி: எலும்பு வைத்துப் புதைக்கிற பெரிய மண்பானை.

இவை தனித்தனியாகத்தான் இருக்கும் என்று நினைக்கக் கூடாது. பல இடங்களில் ஒன்றுக்குள் ஒன்று இருக்கும். வெளியே வட்டம், அதற்குள் கற்குவை, அதற்கும் கீழே பதுக்கை.

எப்படிக் கட்டினார்கள்?

முதலில் குழி தோண்டுவார்கள். அடியில் ஒரு பலகைக் கல். சுற்றி நான்கு பலகைக் கற்களை நிறுத்த வேண்டும். இங்கேதான் அவர்கள் மூளை தெரிகிறது. நான்கையும் பெட்டி மாதிரி மூலைக்கு மூலை சேர்த்து வைக்கவில்லை. ஒவ்வொரு கல்லின் ஒரு முனையும் அடுத்த கல்லைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும். மேலே இருந்து பார்த்தால் காற்றாடி மாதிரி தெரியும்.

நம்பிக்கை இல்லாவிட்டால் இன்றைக்கே செய்து பாருங்கள். கெட்டி அட்டை போட்ட நாலு நோட்டை எடுத்து, ஒவ்வொன்றும் அடுத்த நோட்டின் விளிம்பில் சாய்கிற மாதிரி காற்றாடி போல நிறுத்துங்கள். பசை வேண்டாம், நூல் வேண்டாம், விழாமல் நிற்கும். மேலே ஒரு அட்லஸை வையுங்கள். அதுதான் மூடுகல். அதன் கனம் மேலே இருந்து அமுக்கும், வெளியே உள்ள மண் பக்கத்திலிருந்து நெருக்கும், நான்கு கல்லும் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும். சிமெண்டே இல்லாமல் இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் நிற்கிறது!

நிறைய பதுக்கைகளில் ஒரு பக்கக் கல்லில் துளை போட்டிருப்பார்கள். இதற்கு இடுதுளை என்று பெயர். பெரும்பாலும் கிழக்குப் பக்கம் இருக்கும். பிறகு இறந்தவர்களின் எலும்பையும் படையலையும் உள்ளே வைக்க என்று சிலர் சொல்கிறார்கள். உயிர் போய் வரும் வழி என்று சிலர் சொல்கிறார்கள்.

ஏன் வட்டம்?

மணலைக் குவித்துப் பாருங்கள். அது தானாக வட்டமாகத்தான் பரவும், எல்லாப் பக்கமும் சமமாகச் சரியும். கற்குவையும் அப்படித்தான். சதுரமாகத் தடுப்பு வைத்தால் நேர்ச் சுவரின் நடுப்பகுதி வெளியே தள்ளப்படும். வட்டமாக வைத்தால் எல்லாக் கல்லுக்கும் ஒரே அளவு பாரம் வரும். வட்டம் போடுவதும் சுலபம். நடுவில் ஒரு முளை, அதில் ஒரு கயிறு. நம் பி.டி. சார் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடுகிறாரே, அதே வேலைதான்.

ஆகவே கல்வட்டம் வெறும் அடையாளத்துக்கு வைத்தது இல்லை. அது மேட்டைக் கட்டிப்பிடிக்கிற இடுப்புக்கச்சை. அதை எடுத்தால் மேடு போகும். மேடு போனால் பதுக்கை வெளியே தெரியும்.

ரோமாபுரியிலும் இதே கணக்கு

ரோமாபுரிப் பேரரசர் அகஸ்டஸ், கி.மு.28 வாக்கில் தனக்காக ஒரு கல்லறை கட்டத் தொடங்கினார். அதுவும் வட்டம். விட்டம் சுமார் 87 மீட்டர். நம் நூறு மீட்டர் ஓட்டப் பந்தயப் பாதையைவிடக் கொஞ்சம்தான் குறைவு. ஒன்றுக்குள் ஒன்றாக வட்டச் சுவர்கள், அதன்மேல் மண்மேடு, மேட்டில் பச்சை மரங்கள். சுவர் மண்ணைப் பிடிக்க வேண்டும் என்ற கணக்கு அங்கேயும் உண்டு. ஆனால் அவர்களிடம் காங்கிரீட் இருந்தது.

ஆப்பியன் சாலை ஓரத்தில் கெசிலியா மெட்டெல்லா என்ற பெண்ணின் கல்லறை இருக்கிறது. சதுர மேடையின் மேல் சுமார் 29 மீட்டர் விட்டத்தில் பெரிய உருளை. கி.பி.139-இல் முடிந்த ஹாட்ரியன் பேரரசரின் வட்டக் கல்லறை பிற்காலத்தில் கோட்டையாகி, இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது.

ஊருக்குள்ளே புதைக்கக் கூடாது என்பது ரோமானியர் சட்டம். அதனால்தான் சாலை ஓரம் எல்லாம் கல்லறை. நம் பக்கத்திலும் கீழடியில் வாழ்ந்தவர்களுக்கு அருகே உள்ள கொந்தகைதான் இடுகாடு என்று தொல்லியல் அறிஞர்கள் சொல்கிறார்கள்.

அப்போ ரோமானியரைப் பார்த்துதான் நம்ம ஆளுங்க வட்டம் போட்டாங்களா என்று என் தோழி கேட்டாள். இல்லை! பழனிக்குப் பக்கத்தில் பொருந்தல் என்ற ஊரில் 2009-10-இல் புதுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா.ராஜன் குழுவினர் கல்லறைகளை அகழ்ந்தார்கள். ஒரு பதுக்கையில் நான்கு கால் ஜாடிக்குள் சுமார் இரண்டு கிலோ நெல் இருந்தது. அந்த நெல்லைச் சோதித்ததில் கி.மு.490 என்று வந்தது. அதாவது அகஸ்டஸ் கல்லறைக்கு 460 வருஷம் முந்தியது. வட்டம் யார் சொல்லியும் வரவில்லை, அவரவர் தேவைக்கு வந்தது.

கொடுமணல்

ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் ஆற்றங்கரையில் இருக்கிறது கொடுமணல். பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று வரும் ஊர் இதுதான் என்று கருதுகிறார்கள். கல்மணி செய்வதற்கும் இரும்பு வேலைக்கும் பேர் போன ஊர். மேற்குக் கடற்கரை முசிறியிலிருந்து கரூருக்குப் போகும் வணிக வழியில் இருந்தது. 1980-களில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் இங்கே அகழாய்வு செய்தது. இங்குள்ள கல்வட்டங்களுக்குள் பதுக்கைகளும், சூதுபவள மணிகளும், இரும்புக் கருவிகளும் கிடைத்தன. 2020-இல் ஒரு வட்டத்துக்குள் மூன்று அறை கொண்ட பதுக்கை வெளிப்பட்டது. அறைக்கு வெளியே, வட்டத்துக்கு உள்ளே, பத்துப் பானைகளும் கிண்ணங்களும் வைத்திருந்தார்கள். வட்டம் முழுவதுமே இறந்தவருக்கு உரிய இடம் என்பது இதில் தெரிகிறது.

பாட்டி கதை உண்மையா?

"ரொம்ப வயசாகியும் சாகாம சுருங்கிப் போனவங்களை விளக்கேத்தித் தாழிக்குள்ள உக்கார வச்சிருவாங்க" என்று என் பாட்டி சொல்லுவாங்க. உங்க பாட்டியும் சொல்லியிருப்பாங்க. ஆனால் கொந்தகையில் 2020-இல் 75 செ.மீ. நீளமுள்ள ஒரு குழந்தையின் எலும்புக்கூடு கிடைத்தது. ஆக, அந்த இடுகாடு கிழவர்களுக்கு மட்டும் இல்லை, எல்லோருக்கும். அங்கே கிடைத்த மண்டை ஓடுகளை வைத்து, நமக்குப் பக்கத்தில் உள்ள மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் இங்கிலாந்தின் லிவர்பூல் பல்கலைக்கழகம் ஒன்றும் சேர்ந்து 2025-இல் இரண்டு ஆண்களின் முகத்தையே கணினியில் உருவாக்கிக் காட்டினார்கள். எலும்பு கலையாமல் இருந்ததால்தான் இது முடிந்தது.

இப்போது நடப்பது என்ன?

எங்க மாமா ஊர் ஆண்டிபட்டிப் பக்கம். மாமா காட்டில் ஒரு கல்வட்டம் இருக்கிறது. ஊரில் 'பாண்டவர் குழி' என்பார்கள். முன்பு இருபதுக்கும் மேல் கல் இருந்ததாம். வீட்டு அஸ்திவாரத்துக்கு, கிணற்று மேட்டுக்கு என்று ஒவ்வொன்றாகப் போய், இந்தப் பொங்கலுக்கு நான் எண்ணியபோது ஏழுதான் இருந்தது. கல் எடுத்த பக்கம் மட்டும் மழையில் மேடு கரைந்து, பதுக்கைக் கல்லின் விளிம்பு வெளியே நீட்டுகிறது. மற்றொரு பலகைக் கல் யாரோ வீட்டுத் துணி துவைக்கிற கல்லாகிவிட்டது. நான் மேலே எழுதிய இடுப்புக்கச்சைக் கணக்கை அங்கே கண்ணால் பார்த்தேன்.

மாமா மிச்சத்தையும் எடுத்துவிட்டு முருங்கை போடப் போவதாகச் சொன்னார். அவரைக் குறை சொல்ல முடியாது, இருப்பதே ஒன்றரை ஏக்கர். நான் அவரிடம் புலிமான்கோம்பை விஷயத்தைச் சொன்னேன். அதே ஆண்டிபட்டி வட்டாரத்தில், வைகைக் கரையில், கலைந்து போன இடுகாட்டில் கிடந்த கற்களில் 2006-இல் தமிழ்ப் பிராமி எழுத்துள்ள மூன்று நடுகற்களைக் கண்டுபிடித்தார்கள். இந்தியாவிலேயே மிகப் பழைய எழுத்துள்ள நடுகற்களில் அவையும் சேரும். ஒன்றில் ஆநிரை கவர்ந்த பூசலில் இறந்த வீரனின் பெயர் இருக்கிறது. யாராவது அதை உடைத்து அஸ்திவாரத்தில் போட்டிருந்தால் அந்தப் பெயர் நமக்குத் தெரிந்தே இருக்காது. "சரி, இந்த வருஷம் அந்த மூலையை விட்டு உழுகிறேன்" என்றார் மாமா. அடுத்த வருஷம் திரும்பவும் பேசணும்.

ரோமிலும் மெட்டெல்லா கல்லறையின் அடிமேடையிலிருந்து முகப்புக் கற்களைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். கல் தேவைப்படுகிறவன் எந்த நாட்டிலும் எடுப்பான். எங்கே நிறுத்தினார்கள் என்பதுதான் முக்கியம்.

நாம் செய்யக் கூடியவை

* ஊருக்குப் போகும்போது பாண்டவர் குழி, குள்ளர் வீடு என்று ஏதாவது இருக்கிறதா என்று பெரியவர்களிடம் கேளுங்கள்.
* கல்லை எண்ணி, வட்டத்தின் குறுக்களவை அடி வைத்து அளந்து, படம் வரைந்து, ஊர்ப் பெயரும் தேதியும் எழுதி வையுங்கள்.
* தோண்டவே தோண்டாதீர்கள். எந்தப் பொருள் எந்த இடத்தில் இருந்தது என்பது கலைந்தால் பாதி வரலாறு போய்விடும்.
* மண்ணுக்குள் பழைய பொருள் கிடைத்தால் ஆசிரியரிடமோ ஊர் வி.ஏ.ஓ.விடமோ சொல்லுங்கள். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-இலேயே சட்டம் வந்துவிட்டது.

காலாண்டு விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள், நீங்கள் அளந்த கணக்கைக் கொண்டு வாருங்கள். அடுத்த சுவர் இதழில் ஊர் வாரியாகப் பட்டியல் போடுவோம்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி, திருநகர்