கயிறு அறுத்த இரும்பு

கேள்வி: லண்டனில் வெடித்துச் சிதறிய கால்வாய்ப் பாலம் ஒன்று இன்னும் பாதுகாக்கப்படுகிறதாமே? உண்மையா?
- ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: உண்மைதான். ரீஜண்ட்ஸ் கால்வாயின் மேல் உள்ள மேக்கிள்ஸ்ஃபீல்ட் பாலம். 1874 அக்டோபர் 2, விடியற்காலை. வெடிமருந்தும் பெட்ரோலியமும் ஏற்றிய 'டில்பரி' என்ற படகு பாலத்துக்கு அடியில் போகும்போது வெடித்தது. படகில் இருந்த மூவர் மாண்டனர். பாலம் நொறுங்கியது. ஆனால் கோல்புரூக்டேலில் வார்த்த இரும்புத் தூண்கள் தப்பின! அவற்றையே நிறுத்தி மறுபடி பாலம் கட்டினார்கள்.

அங்கே போனால் தூண்களின் விளிம்பைத் தடவிப் பாருங்கள். அந்தக் காலத்தில் கரையில் நடக்கும் குதிரைதான் படகை இழுக்கும். மண் ஒட்டிய ஈரக் கயிறு உரசி உரசி இரும்பிலேயே ஆழமான வெட்டுகள். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். இங்கே கயிறு ஊர்ந்து இரும்பு தேய்ந்திருக்கிறது. மறுபடி நிறுத்தியபோது தூண்களைத் திருப்பி வைத்ததால், வெட்டுகள் இரண்டு பக்கமும் விழுந்தன.

பாலம் இரண்டாம் நிலைப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது. அதன் தன்மை மாறும்படி எதுவும் செய்ய உள்ளூர் மன்றத்தின் முன் அனுமதி வேண்டும், மீறினால் குற்றவழக்கு. பட்டியலில் சேர்ந்தாலே பராமரிப்புப் பணம் வந்துவிடாது, அது வேறு கதை. 'பழுதுபார்க்கிறோம்' என்று அந்த வெட்டுகளைப் பூசி மெழுகாமல் விட்டார்களே, அதற்கே ஒரு சபாஷ் போடலாம்.