ஓட்டு வீட்டை விரிவாக்குவோர் அறிய வேண்டுவது: கூடல்வாய் அமைக்கும் முறை

கிராமங்களில் வீடு என்பது ஒரே தலைமுறையில் கட்டி முடிக்கப்படுவதன்று. தந்தை கட்டிய வீட்டோடு மகன் ஓர் அறையைச் சேர்க்கிறான். விளைச்சல் நன்றாக வந்த ஆண்டில் தானியம் வைக்க ஒரு கொட்டடி எழுகிறது. ஊராட்சிக்குரிய பழைய ஓட்டுக் கட்டிடங்களிலும் சமையற்கூடமோ புத்தக அறையோ பின்னர் சேர்க்கப்படுவதுண்டு. இவ்வாறு சேர்க்கப்பட்ட பகுதி முதல் மழையிலேயே ஒழுகத் தொடங்கினால், ஒழுகும் இடம் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். பழைய கூரையும் புதுக் கூரையும் ஒன்றோடொன்று கூடும் உள்மூலையே அவ்விடம். அதற்குக் கூடல்வாய் என்று பெயர். முற்றம் வைத்த வீடுகளில் முற்றத்தின் நான்கு மூலைகளிலும் இதனைக் காணலாம்.

கூடல்வாய் ஒழுகினால் அதனால் வரும் தீங்கு சிறிதன்று. நீர் கைமரத்தின் வழியே இறங்கிச் சுவரின் தலையை நனைக்கும். மண் சுவராயின் அது ஊறிச் சரியக்கூடும். ஈரம் ஏறிய மரத்தைக் கறையான் எளிதில் பற்றும். அடுத்த பருவத்துக்கென்று வைத்த விதைநெல் நனைந்தால் அந்த இழப்பு வீட்டோடு நில்லாது வயலையும் தொடும். ஆகவே, இதனைச் செவ்வையாக அமைக்கும் முறையை நாம் சற்று விரிவாகக் காண்போம்.

ஏன் அங்கே மட்டும் ஒழுகுகிறது?

காரணங்கள் இரண்டு. முதலாவது, இரு கூரைகளின் நீரும் அங்கே வந்து சேருகிறது. இரண்டாவது, கூரையின் வாட்டத்தைக் காட்டிலும் கூடல்வாயின் வாட்டம் குறைவு. ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு இதனை விளக்குவோம்.

கிழக்கு மேற்காக மோடு ஓடும் ஒரு சீமை ஓட்டு வீடு இருக்கிறது. அதன் அகலம் 18 அடி. அதன் நடுப்பகுதியிலிருந்து வடக்கு நோக்கி 12 அடி அகலமுள்ள ஓர் அறையைச் சேர்க்கிறோம். இரண்டுக்கும் இறவாரம் ஒரே மட்டம். வாட்டமும் ஒன்றே, அதாவது ஓர் அடிக்கு 7 அங்குலம் உயர்வு. புது அறையின் பாதி அகலம் 6 அடி. எனவே அதன் மோடு இறவாரத்துக்கு மேல் 3½ அடி உயரத்தில் நிற்கும். அறையின் இரு புறத்திலும் ஒவ்வொரு கூடல்வாய் உண்டாகும்.

கூடல்வாயோ நேராக இறங்காமல் மூலைவிட்டமாக இறங்குகிறது. அதே 3½ அடியை இறங்க அது கிடையளவில் ஏறக்குறைய 8½ அடி செல்ல வேண்டும். ஆதலின் அதன் வாட்டம் அடிக்கு 5 அங்குலந்தான். சரிந்த அளவில் அதன் நீளம் சுமார் 9 அடி 2 அங்குலம். கூரையிலே விரைந்து வரும் நீர் இங்கே வந்து வேகம் குறைந்து தேங்கப் பார்க்கும். ஓடு போடப் போதுமான வாட்டம் கூரைக்கு இருந்தும் கூடல்வாய்க்கு இல்லாமற் போவது இதனால்தான்.

நீரின் அளவையும் பார்ப்போம். இறவார நீட்டத்தை விட்டுவிட்டுக் கணக்கிட்டால், ஒரு கூடல்வாய்க்குப் பழைய கூரையிலிருந்து 36 சதுர அடிப் பரப்பின் நீரும், புதுக் கூரையிலிருந்து 18 சதுர அடிப் பரப்பின் நீரும் வருகின்றன. மொத்தம் 54 சதுர அடி, அதாவது 5 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர். ஐப்பசியில் ஒரே நாளில் 10 சென்டிமீட்டர் மழை பெய்யுமாயின், அந்த ஒரு மூலையில் மட்டும் 500 லிட்டர் இறங்கும். இறவாரம் முழுவதிலும் பரவி விழ வேண்டிய நீர் ஒரே புள்ளியில் விழுகிறது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

முதலில் எண்ணிப் பார்க்க வேண்டியவை

கூடல்வாய் இல்லாமலே வேலையை முடிக்க வழியுண்டா என்று முதலில் பார்ப்பது நலம். பழைய இறவாரத்துக்குக் கீழே சாய்ப்பு இறக்க இடமிருந்தால் அதுவே எளிது. இரு சரிவுகள் எதிரெதிராக இறங்கி நடுவே கிடையான ஓடையில் சேரும்படி மட்டும் ஒருபோதும் அமைக்கலாகாது. அதில் சருகும் நீரும் தேங்குவதைத் தடுப்பது கடினம்.

கூடல்வாய்தான் வேண்டுமென்றால் வேலையைத் தை மாதத்தில் தொடங்கிச் சித்திரைக்குள் முடிப்பது உசிதம். பழைய கூரையைப் பிரித்து வைத்திருக்கும் நாட்களில் மழை வந்து கெடுக்காது. புதுச் சுவர் எழுந்த பின் அது அமர்வதற்குச் சிறிது காலம் கொடுத்துக் கூரை ஏற்ற வேண்டும். பழைய சுவர் அமர்ந்து நின்றது. புதுச் சுவர் இன்னும் அமரப் போவது. இவ்விரண்டும் சேரும் இடத்தின் மேலேதான் கூடல்வாயின் அடி வருகிறது. சுவர் சிறிது இறங்கினாலும் கூடல்வாய் அசையும்.

பழைய கைமரங்களையும் சோதிக்க வேண்டும். உளி முனையால் குத்தினால் எளிதில் இறங்கும் மரம் உள்ளே உளுத்த மரம். அதனை மாற்றாமல் அதன்மேல் புதுப் பாரம் ஏற்றலாகாது.

கோடு பிடித்தல்

இரு சுவர்களின் தலைமட்டமும் ஒன்றாக இருக்கிறதா என்று நீர்மட்டக் குழாயால் பார்க்க வேண்டும். பின்பு புது மோட்டின் உயரத்தில் ஒரு நூலை மட்டமாகப் பிடித்துப் பழைய கூரையை நோக்கி இழுக்க வேண்டும். நூல் பழைய கூரையைத் தொடும் இடமே கூடல்வாயின் தலை. நமது எடுத்துக்காட்டில் அது இறவாரத்திலிருந்து கிடையளவில் 6 அடி உள்ளே அமையும். அமையாவிட்டால் இரு வாட்டங்களும் ஒன்றாக இல்லை என்று பொருள். அந்தப் புள்ளியிலிருந்து இரு இறவாரங்களும் கூடும் உள்மூலைக்கு மற்றொரு நூலைப் பிடித்தால் கூடல்வாயின் கோடு கிடைக்கும்.

இக்கோட்டுக்கு மேற்புறம் 2 அடி வரையிலும், புதுக் கூரை மூடப்போகும் இடம் முழுவதிலும் பழைய ஓடுகளை எடுத்துவிட வேண்டும். எடுத்தவற்றை உடைக்காமல் அடுக்கி வைத்தல் அவசியம். ஒரு தொழிற்சாலையின் ஓடு மற்றொன்றின் ஓட்டோடு பொருந்தாது போகலாம். ஆகவே, பழைய கூரையில் பழைய ஓட்டையும், புதுக் கூரையில் புது ஓட்டையும் போட்டுக் கூடல்வாயையே எல்லையாகக் கொள்வது நல்லது.

மரவேலை

பழைய கைமரங்களை நடுவில் அறுத்துப் புதுக் கூரையைச் சேர்க்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அறுத்த மரத்தைத் தாங்கத் தடித்த கூடல்வாய்க் கைமரம் ஒன்றைச் சுவரிலிருந்து மோடு வரை கொடுத்தாலன்றி இது ஆபத்தாகும். நமது எடுத்துக்காட்டைப் போன்ற சிறு விரிவாக்கங்களுக்கு அறுக்காத முறையே ஏற்றது. பழைய கைமரங்களை அப்படியே விட்டு, கூடல்வாய்க் கோட்டின்மேல் ஒரு படுகைப் பலகையைக் கிடத்தி ஒவ்வொரு கைமரத்திலும் ஆணி அடிக்க வேண்டும். புதுக் கூரையின் குட்டைக் கைமரங்களை ஏற்ற சாய்வில் சீவி இப்பலகையின்மேல் அமர்த்த வேண்டும். இரு பக்கத்து ரீப்பர்களின் மேல்முகங்களும் கூடல்வாய்க் கோட்டில் ஒன்றாகச் சந்திக்குமாறு தச்சர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து, கோட்டின் இருபுறமும் 11 அங்குல அகலத்துக்குப் பலகை அடித்துத் தொட்டி போன்ற ஒரு பள்ளத்தை உண்டாக்க வேண்டும். ரீப்பர்கள் இப்பலகையின் ஓரத்தோடு நின்றுவிடும். பலகையின் கனம் ரீப்பரின் கனத்தைவிடச் சற்றுக் குறைவாக இருந்தால்தான் அதன்மேல் வரும் தகடு ஓட்டை மேலே தூக்காமல் இருக்கும். மரத்துக்குப் பதிலாக இரும்புக் குழாய்களைக் கொண்டு கூரை அமைப்பவர்களுக்கும் இவ்விதிகள் பொருந்தும். அவர்கள் பற்றவைத்த இடங்களுக்குத் துருத் தடுப்பு வர்ணம் பூச மறக்கலாகாது.

தகடு

கூடல்வாய்க்குத் துத்தநாகம் பூசிய சமதளத் தகடு ஏற்றது. மிக மெல்லிய தகடு வேண்டாம். 24 கேஜுக்குக் குறையாத கனம் வேண்டும். 4 அடி அகலமுள்ள தகட்டை நீளவாக்கில் இரண்டாக வெட்டினால் 2 அடி அகலத் துண்டுகள் இரண்டு வீணின்றிக் கிடைக்கும்.

ஒவ்வொரு துண்டின் இரு ஓரங்களையும் அரை அங்குலம் மேற்புறமாக மடிக்க வேண்டும். ஓடுகளுக்கு அடியில் ஏறி வரும் நீரை இம்மடிப்பு திருப்பிவிடும். நடுவிலே ஓர் அங்குல உயரத்துக்கு ஒரு மேட்டு மடிப்பு எடுக்க வேண்டும். இது எதற்காக? நமது கணக்கில் பழைய கூரையின் நீர், புதுக் கூரையின் நீரைப் போல் இரு மடங்கு. அது விரைந்து வந்து எதிர்ப்பக்கத்து ஓட்டுக்கு அடியில் பாயாமல் இம்மேடு தடுத்து நிறுத்தும்.

தகட்டைக் கீழிருந்து மேலாகப் போட வேண்டும். அடித்துண்டு இறவாரத்துக்கு வெளியே 2 அங்குலம் நீண்டிருக்கட்டும். மேல்துண்டு கீழ்த்துண்டின்மேல் 9 அங்குலம் ஏறியிருக்க வேண்டும். நீர் ஓடும் பகுதியில் ஓர் ஆணிகூட அடிக்கலாகாது. தகட்டுப் பட்டைகளை ஓர மடிப்பில் மாட்டி அவற்றைப் பலகையில் அறைந்தால் தகடு வெயிலில் விரிந்து சுருங்கவும் இடமிருக்கும்.

இரு கூடல்வாய்களும் புது மோட்டின் முனையும் சந்திக்கும் தலைப்பகுதிதான் பலரும் கவனியாமல் விடும் இடம். அங்கே அகன்ற ஒரு தகட்டுத் துண்டை வளைத்து மூடி, அதன் மேல்முனையை மேலே உள்ள பழைய ஓட்டு வரிசையின் அடியில் செருக வேண்டும். புது மோட்டு ஓட்டின் முனை இத்தகட்டின்மேல் வந்து அமரும். இதனை விட்டுவிட்டு எத்தனை தகடு போட்டும் பயனில்லை.

ஓடு வேய்தல்

இருபுறமும் ஓடுகள் தகட்டின்மேல் குறைந்தது 6 அங்குலம் ஏறியிருக்க வேண்டும். நடுவில் 6 அங்குல அகலம் திறந்திருக்கட்டும். இவ்வழி குறுகினால் வேப்பஞ்சருகும் புளியிலையும் அடைத்துக்கொள்ளும்.

முழு ஓடுகளைப் போட்டுப் பார்த்து, நூல் பிடித்துச் சுண்ணக்கட்டியால் கோடு இட்டு, பின்பே வெட்ட வேண்டும். வெட்டிய துண்டு மிகச் சிறியதாக இருந்தால் ரீப்பரில் மாட்டும் அதன் மூக்கு போய்விடும்; அத்துண்டு நாளடைவில் சரிந்து விழும். அவ்வாறான துண்டுகளில் சிறு துளையிட்டுத் துத்தநாகம் பூசிய கம்பியால் அருகிலுள்ள ரீப்பரில் கட்ட வேண்டும். இயந்திரச் சக்கரத்தால் ஓடு வெட்டுவோர் மூக்கையும் வாயையும் கண்ணையும் தூசியிலிருந்து காத்துக்கொள்ள வேண்டும். வெட்டுவதைத் தரையில் வைத்துச் செய்க. கூரைமேல் வைத்துச் செய்யலாகாது.

ஓட்டின் ஓரத்துக்கும் தகட்டுக்கும் இடையே சிமெண்டுக் கலவையை நிரப்பி அடைப்பது பலவிடங்களில் வழக்கம். இது தவறு. மரம் ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும், கலவையோ அசையாது. எனவே அது வெடிக்கும். வெடிப்பில் புகுந்த நீர் வெளியே வர வழியின்றி மரத்தில் இறங்கும். அலுமினியத் தகடாயின் ஈரச் சிமெண்டு அதனை அரித்துவிடும். கலவை இன்றியே நிற்கும்படி ஓடு வேய்வதே நல்ல வேலையாகும்.

அடியில் விழும் நீர்

கூடல்வாயின் அடியில் விழும் நீர் சுவரோரத்தைத் தோண்டும். அவ்விடத்தில் கல் பதித்து வெளிப்புறமாக வாட்டம் கொடுக்க வேண்டும். அல்லது குழாய் வைத்து நீரைத் தொட்டிக்கோ உறிஞ்சு குழிக்கோ விட வேண்டும். தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டில் கட்டிடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டதை நாம் அறிவோம். இரு கூரைகளின் நீரை ஓரிடத்தில் சேர்த்துத் தரும் கூடல்வாய் அதற்கு வாய்ப்பான இடம். பயனாக வேண்டிய நீரைப் பகையாக்கிக்கொள்வானேன்?

ஊராட்சி உறுப்பினர் கவனத்துக்கு

ஊராட்சி வேலையாயின் மதிப்பீட்டில் கூடல்வாய்த் தகடும் பலகையும் தனி இனமாகக் குறிக்கப்பட்டுள்ளனவா என்று முதலிலேயே பார்க்க வேண்டும். குறிக்காத பொருள் வேலையிடத்துக்கு வந்து சேர்வது அரிது. வேலையை மூன்று கட்டங்களில் நேரிற் சென்று பார்த்தல் நலம்: பலகை அடித்தவுடன் ஒருமுறை, தகடு போட்டபின் ஓடு மூடுமுன் ஒருமுறை, ஓடு வேய்ந்தபின் ஒருமுறை. மூடிய பின் தகட்டின் ஏற்றத்தையும் மடிப்பையும் எவராலும் காண இயலாது.

இறுதித் தொகை கொடுக்குமுன் ஒரு சோதனை செய்க. ஏணி வைத்து ஏறிய ஒருவர் கூடல்வாயின் தலைப்பகுதிக்கு மேலே பத்துக் குடம் தண்ணீரை ஒன்றன்பின் ஒன்றாக விரைந்து ஊற்றட்டும். உள்ளே ஒருவர் நின்று பலகையின் அடிப்புறத்தையும் சுவர்த்தலையையும் கவனிக்கட்டும். ஈரம் தென்பட்டால் அன்றே ஓட்டைப் பிரித்துச் சீர் செய்வது எளிது. மழைக்காலத்தில் அது இயலாது.

ஆண்டுதோறும் புரட்டாசியில் ஒருமுறை கூடல்வாயைத் துப்புரவு செய்ய வேண்டும். அதன்மேல் கால் வைத்து ஏறலாகாது. கூரைமேல் பலகை போட்டு அதன்மேல் இருந்து சருகை அள்ளுக. தகட்டில் துரு கண்டால் உடனே சுரண்டி வர்ணம் பூசுக.

இரண்டு அடித் தகடும் இரண்டு நாள் கவனமும் வீட்டுச் செலவில் மிகச் சிறு பகுதியே. அவற்றில் மிச்சம் பிடிக்க முனைந்து, சுவரையும் மரத்தையும் விதைநெல்லையும் இழப்பது சிக்கனமாகாது. வரும் கோடையில் வீட்டையோ பொதுக் கட்டிடத்தையோ விரிவாக்க எண்ணும் நண்பர்கள், தச்சரையும் கொத்தரையும் ஒன்றாக அழைத்து வைத்து, கூடல்வாய் எங்கே வரும், அதன் நீர் எங்கே போகும் என்னும் இரு கேள்விகளுக்கும் விடை கண்ட பிறகே கடைக்கால் தோண்டுவார்களாக.