"மொத்தமா எவ்வளவு?" என்று கேட்காதீர்கள்!
(முதல் சிறிய டிராக்டருக்கு நியாய விலை பேசும் முறை)



நம்மில் பலர் கொல்லை வேலை தெரிந்த வீட்டிலிருந்து வந்தவர்கள். ஊரில் யாராவது டிராக்டர் வாங்கக் கிளம்பினால், "மெக்கானிக் படிக்கிற பையன்தானே, நீயும் கூட வாடா" என்று நம்மையும் அழைத்துக் கொள்கிறார்கள். நாமும் போகிறோம். பானெட்டைத் திறந்து எஞ்சினைப் பார்க்கிறோம். டயரைத் தட்டிப் பார்க்கிறோம். விலை பேச ஆரம்பித்ததும் "பெரியவங்க பேசிக்கட்டும்" என்று ஒதுங்கி விடுகிறோம். உண்மையில் நம் படிப்பு தேவைப்படும் இடமே அதுதான். பேரம் என்பது வாய்ச் சாமர்த்தியம் என்று நினைக்கிறோம். அது முக்கால்வாசி கூட்டல், கழித்தல்தான்!

சென்ற ஆண்டு பாலக்கோடு பக்கம் இருக்கும் என் சித்தப்பாவோடு 24 குதிரைத்திறன் டிராக்டர் ஒன்றுக்கு விலை பேசப் போனேன். அங்கே கற்றதையும் நம் பாடப் புத்தகத்தில் இருப்பதையும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

1. ஏன் இது சின்ன விஷயம் இல்லை?

2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர். அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. இப்படிப்பட்ட நிலத்துக்கும், தக்காளி, மஞ்சள், மாந்தோப்புக்கும் 15 முதல் 25 குதிரைத்திறன் வரையுள்ள சிறிய டிராக்டர்கள் பொருந்துகின்றன. ஸ்வராஜ் 717, மஹிந்திரா யுவராஜ், ஜிவோ, குபோட்டா நியோஸ்டார், வி.எஸ்.டி. என்று பல உண்டு. ஆனால் வண்டி சிறியதே தவிர, வாங்குபவருக்குப் பணம் சிறியதல்ல. வீட்டு நகையும் நிலப் பத்திரமும் அதற்குள் போகின்றன.

2016 மார்ச் மாதம் தஞ்சாவூர் மாவட்டத்தில் டிராக்டர் கடன் பாக்கிக்காக ஒரு விவசாயியைப் போலீசார் அடித்து வண்டியைப் பறித்த காட்சி நாடு முழுவதும் பரவியது. வாங்கிய கடன் தொகையை விட அதிகமாகவே அவர் கட்டியிருந்தார் என்று செய்திகள் வந்தன. அப்படியும் பாக்கி இருந்தது! ஆகவே நியாய விலை என்பது ஷோரூமில் பேசும் தொகை மட்டும் அல்ல. கடைசித் தவணை கட்டும் நாள் வரை நம் கையிலிருந்து போகும் மொத்தப் பணம் அது.

2. விலையைப் பிரி!

சேலம் ரோட்டில் நாங்கள் போன ஒரு கடையில் விற்பனையாளர் தன் விசிட்டிங் கார்டின் பின்பக்கம் ஒரே எண்ணை எழுதிக் கொடுத்தார். "ரோட்டவேட்டர், கலப்பை, எல்லாம் சேர்த்து ஏழு இருபது. உங்களுக்காகத்தான் அண்ணா இந்த ரேட்டு" என்றார். சித்தப்பா "ஏழுக்கு முடிச்சுக்குங்க" என்று சொல்ல வாயெடுத்தார். நான் மெதுவாக, "அண்ணா, கோவிச்சுக்காதீங்க. ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா விலை போட்டு, கடை சீல் வெச்சு ஒரு கொட்டேஷன் குடுங்க" என்றேன். வந்த தாள் இதுதான். எண்களைக் கணக்குக்கு வசதியாக முழுதாக்கியிருக்கிறேன்.

டிராக்டர், வரி உட்பட – 5,25,000
ரோட்டவேட்டர், 5 அடி – 95,000
அஞ்சு கலப்பை – 22,000
பதிவு, இன்சூரன்ஸ் – 28,000
கையாளும் கட்டணம் – 15,000
உதிரி சாமான்கள் – 20,000
கடன் ஃபைல் செலவு – 15,000
மொத்தம் – 7,20,000

இப்போது பாருங்கள்! மொத்தத் தொகையில் பேசியிருந்தால் இருபதாயிரம் குறைத்துவிட்டு அவரும் சந்தோஷப்பட்டிருப்பார், நாமும் சந்தோஷப்பட்டிருப்போம். பிரித்த பிறகு ஒவ்வொரு வரிக்கும் ஒரு கேள்வி கேட்க முடிந்தது.

"கையாளும் கட்டணம்னா என்னங்க அண்ணா? வண்டியைக் கடைக்குக் கொண்டு வர்றது உங்க வியாபாரச் செலவுதானே?" பதில் இல்லை. அந்த வரி அடிக்கப்பட்டது. அடுத்து உதிரி சாமான்கள். கம்பெனியின் சொந்த விவரத் தாளை வாங்கிப் பார்த்தோம். டாப் லிங்கும் டூல் கிட்டும் வண்டியோடு வரும் சாமான்கள் என்று அதிலேயே இருந்தது. அவற்றைக் கழித்ததும் 20,000 என்பது 8,000 ஆனது. கடனுக்கு நாங்களே வங்கியில் கேட்டு வைத்திருந்ததால் ஃபைல் செலவு 5,000-க்கு வந்தது. இன்சூரன்சையும் கடையில்தான் எடுக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. வெளியே விசாரித்தோம். விலை ஒன்றாகவே இருந்ததால் அந்த வரியை அப்படியே விட்டோம். நியாயமான வரியை விட்டுவிடுவதும் பேரத்தில் ஒரு பாகம்.

3. வரியைத் தெரிந்து வைத்துக்கொள்

2025 செப்டம்பர் 22 முதல் விவசாய டிராக்டருக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. உழவுக் கருவிகளுக்கும் 12-லிருந்து 5. டிராக்டர் டயர், டியூபுக்கு 18-லிருந்து 5. வரிக்கு முன் 5,00,000 ரூபாய் உள்ள வண்டி முன்பு 5,60,000 ஆகும். அதே வண்டி 5 சதவீத வரியில் 5,25,000. வித்தியாசம் 35,000 ரூபாய்! இது கடைக்காரர் கொடுக்கும் தள்ளுபடி அல்ல. "ஆஃபர்ல முப்பத்தஞ்சாயிரம் குறைச்சிருக்கோம்" என்று யாராவது சொன்னால், "வரிக்கு முன்னாடி விலை எவ்வளவுங்க?" என்று கேளுங்கள். அந்த எண் அப்படியே இருந்தால் அவர் ஒரு ரூபாய் கூடக் குறைக்கவில்லை.

4. இணைப்புக் கருவியில் ஏமாறாதே

கடைக்காரர் 5 அடி ரோட்டவேட்டரைத்தான் சொன்னார். "பெருசா இருந்தா சீக்கிரம் வேலை முடியும்" என்றார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது! நம் ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் சார் நடத்தும் சூத்திரத்தை இங்கே போடுங்கள். சக்தி = 2π × சுழற்சி × முறுக்கு விசை ÷ 60. பி.டி.ஓ. தண்டில் 22 குதிரைத்திறன் வருகிறது, சுழற்சி நிமிடத்துக்கு 540 என்றால், முறுக்கு விசை சுமார் 290 நியூட்டன் மீட்டர். இதை 5 அடிக்குப் பங்கிட்டால் அடிக்கு 58. 4 அடிக்குப் பங்கிட்டால் அடிக்கு 72. காய்ந்து இறுகிய செம்மண்ணில் இந்த வித்தியாசம் எஞ்சின் திணறுவதில் தெரியும், டீசலில் தெரியும், கியர் பாக்ஸில் தெரியும்.

ஆகவே 4 அடி போதும் என்று முடிவு செய்தோம். கருவி மட்டும் விற்கும் இன்னொரு கடையில் 84,000 விலை வாங்கி வந்து காட்டினோம். அதே விலைக்கு இவரும் ஒப்புக்கொண்டார்.

கருவி பேசும்போது கவனிக்க வேண்டியவை: அது அந்த டிராக்டரின் மூன்று முனை இணைப்புக்குப் பொருந்துமா? ஹைட்ராலிக் தூக்கும் எடைக்குள் கருவியின் எடை இருக்கிறதா? கத்திகள் உள்ளூரில் கிடைக்குமா? டயரின் ஒரு வெளிப்பக்கத்திலிருந்து மறு வெளிப்பக்கம் வரை டேப் பிடித்து அளந்து, நம் பயிர் வரிசைக்குள் வண்டி போகுமா என்றும் பாருங்கள். டிரெய்லர் வாங்கினால் அதற்குத் தனிப் பதிவு உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

5. நம்பர் யாருடையது?

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது எஞ்சின் குதிரைத்திறன். கருவியைச் சுற்றுவது பி.டி.ஓ. குதிரைத்திறன். இது எப்போதும் குறைவாகத்தான் இருக்கும். இரண்டு வண்டிகளை ஒப்பிடும்போது இரண்டுக்கும் பி.டி.ஓ. எண்ணையே எடுக்க வேண்டும்.

இந்த எண்ணுக்காக ஒரு சட்டமே வந்த கதை உண்டு. அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்தில் வில்மட் குரோசியர் என்ற விவசாயி "ஃபோர்டு" என்ற பெயரை நம்பி ஒரு டிராக்டர் வாங்கினார். அது மினியாபொலிஸில் இருந்த வேறொரு கம்பெனியின் வண்டி. கார் தயாரித்த ஹென்றி ஃபோர்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. வண்டி சொன்ன வேலையைச் செய்யவில்லை. பிறகு அவர் சட்டமன்ற உறுப்பினர் ஆனதும், மாநிலப் பல்கலைக்கழகம் சோதிக்காத டிராக்டர் மாடலை அங்கே விற்கக் கூடாது என்று 1919-ல் சட்டம் வரச் செய்தார். 1920-ல் சோதனைகள் தொடங்கின. நம் நாட்டில் அந்த வேலையை மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் உள்ள மத்திய பண்ணை இயந்திரப் பயிற்சி மற்றும் சோதனை நிலையம் செய்கிறது. பி.டி.ஓ. சக்தி, டீசல் செலவு, தூக்கும் திறன் எல்லாம் அதன் அறிக்கையில் இருக்கும். விற்பவரிடம், "புத்னி ரிப்போர்ட் இருக்குங்களா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். உங்களைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும்!

6. வட்டியில்தான் பெரிய ஓட்டை

"ஒம்போது பர்சென்ட் வட்டிதான் தம்பி" என்றார் கடையிலேயே உட்கார்ந்திருந்த ஃபைனான்ஸ் ஆள். அது ஃபிளாட் வட்டி. 4,00,000 ரூபாய்க்கு 5 ஆண்டில் வட்டி 1,80,000. மாதத் தவணை 9,667. அசல் மாதா மாதம் குறைந்துகொண்டே வந்தாலும் வட்டி மட்டும் முழு நாலு லட்சத்துக்கும் போடப்படுகிறது. குறையும் அசலுக்கு என்று மாற்றிக் கணக்கிட்டால் இது ஏறத்தாழ 15.7 சதவீதம்!

வங்கியில் குறையும் அசலுக்கு 11 சதவீதம் என்றால் தவணை சுமார் 8,700 ரூபாய்தான். 60 மாதத்தில் மிச்சம் 58,000 ரூபாய். கேட்கும்போது 11 அதிகம், 9 குறைவு. கட்டும்போது தலைகீழ்!

ரிசர்வ் வங்கி விதிப்படி 2024 அக்டோபர் 1 முதல் புதிய சில்லறைக் கடன்களுக்கு "கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட்" என்ற தாளைக் கொடுக்க வேண்டும். எல்லாச் செலவும் சேர்ந்த ஆண்டு வட்டி வீதம், கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் அதில் இருக்க வேண்டும். கையெழுத்துக்கு முன்பே கேட்டு வாங்குங்கள்.

7. மானியம் யாருடையது?

வேளாண்மைப் பொறியியல் துறை வழியாகச் சிறு, குறு விவசாயிகள், பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆகியோருக்கு 50 சதவீதமும், மற்றவர்களுக்கு 40 சதவீதமும் மானியம் உண்டு. ஒவ்வொரு கருவிக்கும் உச்சவரம்பு உண்டு. முதலில் விண்ணப்பம், அனுமதி; அதன் பிறகுதான் வாங்குவது. அதுவும் துறையின் பட்டியலில் உள்ள மாடலாக இருக்க வேண்டும். முன்னாடியே வாங்கிவிட்டு அலைந்து பயன் இல்லை. மானியம் விவசாயியின் பணம். கடைக்காரர் அதைத் தன் தள்ளுபடி போலக் காட்டினால், மானியத்தை ஒதுக்கி வைத்துவிட்டு முழு விலையை மட்டும் முதலில் பேசி முடியுங்கள்.

8. எழுந்து வரும் தைரியம்

ஆடிப்பட்டம் தொடங்கி, கொல்லையில் ஈரம் காயும் முன் உழுதே ஆக வேண்டும் என்று போய் நின்றால் பேரம் நடக்காது. அவசரம் யாருக்கோ அவருக்கே நஷ்டம். ஆகவே உழவு இல்லாத மாதத்தில் போங்கள். வண்டியின் தயாரிப்பு மாதம், வருடம் பாருங்கள். போன வருடத்து வண்டி என்றால் அதற்கு விலை குறைய வேண்டும். நாங்கள் பார்த்த வண்டி அப்படித்தான் இருந்தது. அதைச் சொல்லி 12,000 குறைத்தோம்.

வாங்காவிட்டால் என்ன ஆகும் என்ற கணக்கும் கையில் இருக்க வேண்டும். எங்களுக்கு உழவு வாடகை ஆண்டுக்கு 30,000 ஆகிறது. தவணையோ ஆண்டுக்கு 1,04,000. மீதி 74,000-ஐ வெளி உழவில் சம்பாதிக்க வேண்டும். டீசல், டிரைவர் கூலி போக மணிக்கு 400 நின்றால் 185 மணி நேரம் ஓட்ட வேண்டும். முதல் நாள் இந்தக் கணக்கைப் போட்டதும் சித்தப்பா, "யோசிச்சு சொல்றோம்ங்க" என்று எழுந்துவிட்டார். ஊருக்கு வந்து அக்கம்பக்கத்தில் யார் யாருக்கு எத்தனை ஏக்கர் உழவு என்று கேட்டு எழுதினார். 185 மணி நேரம் தேறும் என்று தெரிந்த பிறகு, ஒன்பதாம் நாள்தான் மறுபடி போனோம். 7,20,000 என்று தொடங்கியது 6,60,000-க்கு முடிந்தது. சண்டை இல்லை, குரல் உயரவில்லை. விற்பவருக்கும் குடும்பம் உண்டு; நாளைக்கு சர்வீசுக்கு அவரிடம்தானே போக வேண்டும்! வேலை தேறவில்லை என்றால்? வாங்க வேண்டியதில்லை. வேளாண்மைப் பொறியியல் துறையின் வாடகை டிராக்டர் இருக்கிறது. அதைச் சொல்வதும் நம் கடமை.

நண்பர்களே! கொண்டு போக வேண்டியது ஒரு நோட்டு, ஒரு டேப், ஒரு கால்குலேட்டர். கேட்க வேண்டியவை ஐந்து:

அ) ஒவ்வொன்றுக்கும் தனி விலை என்ன?
ஆ) வரிக்கு முன் விலை என்ன?
இ) பி.டி.ஓ. சக்தி எவ்வளவு?
ஈ) குறையும் அசலுக்கு வட்டி எவ்வளவு?
உ) தயாரித்த மாதம் எது?

பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாரண்டியும் இலவச சர்வீசும் கூடத் தாளில் வரட்டும். அடுத்த முறை ஊரில் யாராவது "கூட வாடா" என்று கூப்பிட்டால் ஓரமாக நிற்காமல் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருங்கள்.



– இறுதியாண்டு, இயந்திரவியல் பிரிவு