நார்வே படங்களைப் பார்க்கத் தொடங்கும் தம்பி தங்கைகளுக்கு

இந்தப் படங்களோடு நெடுநாள் பழகியவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

1. வில்லனைத் தேடாதீர்கள். இந்தக் கதைகளில் வருகிறவர்களுக்கு வேலை இருக்கிறது, வீடு இருக்கிறது, நோய் வந்தால் அரசு மருத்துவம் இருக்கிறது. பிள்ளை பிறந்தால் அப்பாவுக்கும் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. 'எல்லாம் இருக்கிறவங்களுக்கு என்ன கஷ்டம்' என்று எழுந்து போய்விடாதீர்கள். பழிபோட வெளியே ஆள் இல்லாதபோதும் இரண்டு பேர் ஏன் பிரிகிறார்கள் என்பதைத்தான் இவர்கள் விடாமல் கேட்கிறார்கள்.

2. யோவாகிம் ட்ரியரின் ஆஸ்லோ படங்கள் மூன்றையும் வரிசை மாறாமல் பாருங்கள். 'ரிப்ரைஸ்' (2006), 'ஆஸ்லோ, ஆகஸ்ட் 31' (2011), 'த வொர்ஸ்ட் பெர்சன் இன் த வேர்ல்ட்' (2021). மூன்றையும் அவரோடு சேர்ந்து எழுதியவர் எஸ்கில் வோக்ட். மூன்றிலும் நடித்த ஆண்டர்ஸ் டேனியல்சன் லீ நிஜத்தில் மருத்துவரும்கூட.

கடைசிப் படத்தில் ஒரு காலை. நாயகி யூலியேயோடு வாழும் அக்செல் காபி ஊற்றிக்கொண்டிருக்கிறான். யூலியே சுவரில் விளக்கின் சுவிட்சைத் தட்டுகிறாள். ஊரே அப்படியே உறைந்து நிற்கிறது. அவள் மட்டும் தெருத்தெருவாக ஓடி இன்னொருவனைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, மறுபடி சுவிட்சைத் தட்டுகிறாள். காபி நின்ற இடத்திலிருந்து விழுகிறது. அந்த ஓட்டத்தை எல்லோரும் புகழ்கிறார்கள், சரிதான். நீங்கள் அதற்கு அடுத்த காட்சியைப் பாருங்கள். அவள் அக்செலிடம் பிரிவைச் சொன்ன பிறகும் இருவரும் பேசுகிறார்கள், அழுகிறார்கள், அணைத்துக்கொள்கிறார்கள். மனசுக்குள் முடிந்துபோனதை எதிரே இருப்பவனிடம் சொல்ல எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று காட்ட ட்ரியர் அவசரப்படவில்லை. ஓட்டம் கனவு, பேச்சுதான் விலை.

3. வேகத்தைக் கூட்டி ஓட்டிப் பார்க்காதீர்கள். தாக் யோஹான் ஹவுகெருத்தின் 'செக்ஸ்', 'லவ்', 'ட்ரீம்ஸ்' மூன்றும் பேச்சாலேயே நடக்கின்றன. 'செக்ஸ்' படத்தில் புகைபோக்கி சுத்தம் செய்யும் தொழிலாளி ஒருவன், இன்னொரு ஆணோடு உறவுகொண்டதை மனைவியிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறான். உண்மையைச் சொன்னதோடு தன் கடமை தீர்ந்தது என்று நினைக்கிறான். சொன்னவன் இறக்கிவைத்த பாரம் கேட்டவள் தலையில் ஏறுகிறது. அதை அவன் புரிந்துகொள்ளத்தான் மீதிப் படம். 'ட்ரீம்ஸ்' 2025இல் பெர்லினில் தங்கக் கரடி வாங்கியது. விருதுக்காக அதை முதலில் பார்க்க வேண்டாம், 'செக்ஸ்' பார்த்துக் காது பழகட்டும்.

4. யாரையும் முதல் காட்சியிலேயே தீர்மானிக்காதீர்கள். லில்யா இங்கோல்ஃப்ஸ்தொத்திர் எடுத்த 'லவபிள்' (2024) நான்கு பிள்ளைகளின் தாயான மரியாவின் கதை. வெளியூர் வேலை முடிந்து வீடு திரும்பும் கணவனோடு சண்டை. தொடக்கத்தில் முழு நியாயமும் அவள் பக்கம் என்றே நமக்குத் தோன்றும். படம் போகப்போக அவள் குரலில் இருந்த கூர்மையும் நம் காதில் விழுகிறது. அதற்காக அவளைக் குற்றவாளி ஆக்கிவிடுவதும் இல்லை. இதை இவ்வளவு நேர்மையாகச் செய்த படங்கள் குறைவு.

5. 'அவங்க ஊர் கலாச்சாரம் அப்படி' என்று மூடிவைக்காதீர்கள். கல்யாணம் செய்துகொள்ளாமலே பல ஆண்டுகள் சேர்ந்து வாழ்வது அங்கே சாதாரணம். ஆனால் பிள்ளைகளை வளர்த்தபடியே ஒருவரை ஒருவர் பார்க்க மறந்துபோவது எல்லா ஊரிலும் நடக்கிறது.

6. எதில் தொடங்குவது என்று கேட்பீர்கள். மரியா சோதாலின் 'ஹோப்' (2019). கிறிஸ்துமஸ் நெருங்கும் நாளில் அன்யாவுக்கு மூளையில் கட்டி என்று தெரிகிறது. துணைவன் தோமாஸோடு வாழ்ந்த காலமெல்லாம் கேட்காமல் விட்டதை, ஸ்டீராய்டு மாத்திரையால் தூக்கம் போன இரவுகளில் அவள் கேட்கத் தொடங்குகிறாள். இயக்குநர் தன் வாழ்வில் நடந்ததை வைத்து எடுத்த படம் இது. பார்த்துவிட்டு, யார் பக்கம் நியாயம் என்று என்னிடம் கேட்காதீர்கள். எந்த இடத்தில் யார் சொன்னதை யார் காதில் வாங்கவில்லை என்று ஒரு பக்கம் எழுதிக் கொண்டுவாருங்கள்.