பன்னீர் பந்தலுக்கு ஒரு பிரிக்ஸ் மீட்டர்

வெள்ளோடு, ஜாதிக்கவுண்டன்பட்டி, ஊத்துப்பட்டி என்று சிறுமலை அடிவாரத்தில் பன்னீர் திராட்சை போட்டிருக்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், எங்கள் விலை வியாபாரியின் நாக்கில் இருக்கிறதென்று. பந்தலுக்குள் நுழைந்ததும் ரெண்டு பழத்தைப் பிய்த்து வாயில் போடுவார். “மாமா, இன்னும் புளிப்பு நிக்குதே” என்பார். அதோடு விலை இறங்கிவிடும். அந்தப் பேச்சுக்கு எதிரே வைக்க எனக்குக் கிடைத்த சாட்சி, பிரிக்ஸ் மீட்டர் என்று நாங்கள் சொல்லும் ரிஃப்ராக்டோமீட்டர். சாற்றில் சர்க்கரை கூடக்கூட அதில் நுழையும் ஒளி அதிகம் வளையும். அந்த வளைவைத்தான் இது எண்ணாகக் காட்டுகிறது. 100 கிராம் சாற்றில் 16 கிராம் சர்க்கரை என்றால் 16 பிரிக்ஸ்.

வாங்கும்போது முதலில் அளவுகோலைப் பாருங்கள். பழத்துக்கு 0 முதல் 32 வரை உள்ளது போதும். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே குழாய்தான். ஆனால் தேனுக்கானது 58-இல்தான் தொடங்கும், பேட்டரி ஆசிட் பார்ப்பது வேறு, இறால் பண்ணையில் உப்பு பார்ப்பது வேறு. ஆன்லைனில் வருபவற்றில் நிறைய, வீட்டிலேயே பீர் காய்ச்சும் வெளிநாட்டவருக்காகச் செய்தவை, பிரிக்ஸோடு 1.000, 1.050 என்று அடர்த்திக் கோடும் இருக்கும். நம் மாநிலத்தில் 1937-ஆம் வருடத்து மதுவிலக்குச் சட்டம் அந்த வேலைக்கு இடம் தராது, நமக்கு அந்தக் கோடும் வேண்டாம். ஒன்றை மட்டும் அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம்: சாறு நொதித்துவிட்டால் அதிலுள்ள சாராயமும் ஒளியை வளைத்துக் கணக்கைக் கெடுக்கும். அதனால் வெடித்த பழத்தையும், கூடையில் கிடந்து வாடை வந்த பழத்தையும் சோதனைக்கு எடுப்பதில்லை.

ஆயிரத்துச் சொச்ச ரூபாய்க் குழாயே வேலைக்கு ஆகும். அட்டாகோ மாதிரி டிஜிட்டல் மீட்டர் நல்லதுதான், ஆனால் ஒரு ஏக்கர் பந்தலுக்கு அது அதிகம். விலை குறைந்ததை வாங்கினால் அது சரிதானா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரை வைத்துத் திருகைத் திருப்பி 0-இல் நிறுத்துங்கள். எங்கள் பக்கத்து போர் தண்ணீர் ஆகாது, அதிலுள்ள உப்பே 0.1, 0.2 காட்டும். 0 சரியாக நின்றால் 15-ம் சரியாக நிற்கும் என்று நம்பிவிட வேண்டாம். நகைக்கடைத் தராசில் 15 கிராம் சர்க்கரையையும் 85 கிராம் தண்ணீரையும் நிறுத்துக் கரைத்து ஒரு சொட்டு விடுங்கள். கோடு 15-இல் விழ வேண்டும். விழாவிட்டால் திருப்பி அனுப்பிவிடலாம்.

அடுத்தது வெயில். இந்த அளவுகோல் 20 டிகிரிக்குப் போட்டது. ஏ.டி.சி. என்று எழுதியிருப்பது தானே வெப்பத்துக்கு ஈடுகட்டிக்கொள்ளும் வகை. அதுவும் பொதுவாக 10 முதல் 30 டிகிரி வரைதான். ஏப்ரல் மதியத்தில் திண்டுக்கல்லில் நிழல்கூட 30-க்குள் நிற்காது. ஈடுகட்டாத மீட்டர் 35 டிகிரியில் ஒரு பிரிக்ஸ் அளவுக்குக் குறைத்துக் காட்டும். உண்மையில் 16 உள்ள பழம் 15 என்று தெரியும். நஷ்டம் நமக்கு. வண்டிப் பெட்டியில் வெந்துகிடந்த குழாயை எடுத்த எடுப்பில் கண்ணில் வைக்காதீர்கள். நான் காலை ஏழு, எட்டு மணிக்குப் பார்ப்பேன், பழத்தில் உள்ள பனியைத் துடைத்துவிட்டு.

இத்தனையும் செய்துவிட்டு ஒரே ஒரு பழத்தைப் பிழிந்தால் எல்லாம் வீண். கொத்தின் தோளில் உள்ள பழம் முந்தி இனிக்கும், நுனிப்பழம் பிந்தும். பன்னீரில் இது இன்னும் மோசம். கறுத்த கொத்துக்குள்ளேயே செங்காய் ஒளிந்திருக்கும். நிறம் வரவைக்கும் எத்ரல் மருந்து அடித்த பந்தலில் நிறம் ஒன்றுபோல வந்துவிடும், சர்க்கரை அதோடு சேர்ந்து வராது. அதனால் ஓரத்து வரிசை, நடு வரிசை, வெயில் படும் இடம், இலை மூடிய இடம் எல்லாவற்றிலும் கொத்துக்கு மூன்றாக, தோள், நடு, நுனி என்று பறித்து ஒரு பாலிதீன் கவரில் போட்டுக் கசக்குவேன். சாற்றை வேட்டித் துணியில் வடிகட்ட வேண்டும், சதை கலந்திருந்தால் நீலமும் வெள்ளையும் சேரும் கோடு மங்கிவிடும். ரெண்டு சொட்டு, காற்றுக் குமிழி இல்லாமல் மூடி, அரை நிமிடம் பொறுத்துப் பார்க்க வேண்டும். வெளிச்சத்தை நோக்கிப் பிடியுங்கள், சூரியனை நோக்கி அல்ல.

16-க்குக் கீழே நான் வெட்டுவதில்லை. பறித்த பிறகு வாழை, மாம்பழம்போலத் திராட்சை பழுக்காது. அன்றைக்கு உள்ளதுதான் கடைசிவரை. மழைக்குப் பிறகும் தண்ணீர் பாய்ச்சிய மறுநாளும் எண் இறங்கும், பதறாமல் ரெண்டு மூன்று நாள் விட்டுப் பார்க்கலாம். ஆனால் மீட்டர் புளிப்பை அளக்காது. மழைப் போகத்தில் 16 காட்டியும் நாக்கு கூசும் பழம் உண்டு. அந்த நேரத்தில் வியாபாரி சொல்வதில் நியாயம் இருக்கிறது. மற்ற நேரத்தில் கொத்தை அவரையே பறிக்கச் சொல்லுங்கள், குழாயையும் அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள்; அவர் கண்ணால் பார்த்த எண்ணை அவரே மறுப்பது கஷ்டம்.

வேலை முடிந்ததும் கண்ணாடியை ஈரத் துணியால் துடைத்துக் காய வைத்தால் போதும். குழாயடியில் காட்டினால் தண்ணீர் உள்ளே இறங்கிக் கண்ணாடி மங்கிவிடும். துடைக்காமல் உறையில் போட்டால் மறுநாள் உறைக்குள் எறும்புச் சாரை, கண்ணாடியில் காய்ந்த சர்க்கரை. அடுத்து வைக்கும் பச்சைக் காய்கூட நல்ல பழமாகத் தெரியும்.